கிண்ணத்தில் சாகும் கிருமி சிறுநீர்ப்பையில் சாகுமா?

கேள்வி: சிங்கப்பூரில் சுவா சூ காங்கில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 71. 18 ஆண்டுகளாகச் சர்க்கரை. இதயத் துடிப்பு சீராக இல்லை என்று, ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரினும் சாப்பிடுகிறார். போன ஆண்டு மட்டும் 3 முறை சிறுநீர்த் தொற்று வந்தது, இப்போது மறுபடியும். 5 நாளுக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை, எரிச்சல் குறைந்ததும் 3ஆம் நாளே நிறுத்திவிட்டார். திருச்சியில் இருக்கும் என் தம்பி ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். தாவரங்களில் இருக்கும் ஃபீனால் சேர்மங்கள் ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமியையும் கொல்லும், ஆய்வகத்திலேயே நிரூபித்துவிட்டார்கள் என்கிறது அது. கூடவே மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் மாத்திரைக் குப்பி ஒன்றும் கூரியரில் வந்து சேர்ந்தது. அம்மா இப்போது அதையும் மிளகு போட்ட மஞ்சள் தண்ணீரையும் கிராம்புக் கஷாயத்தையும் குடிக்கிறார். பாதத்தில் உள்ள சிறு புண்ணுக்கும் மஞ்சள் பற்றுதான். நான் ஏதாவது சொன்னால், "உங்க பாட்டி எந்த ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாங்க?" என்கிறார். இதையெல்லாம் நம்பலாமா?

பதில்: ஃபீனால் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அம்மாவைப் பாருங்கள். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், விலா எலும்புக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, வாந்தி, அல்லது வழக்கத்துக்கு மாறான குழப்பமான பேச்சு, இதில் ஒன்று இருந்தாலும் இன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். இந்த வயதில் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறினால் சில சமயம் காய்ச்சலே தெரியாது. சாப்பிடாமல் சுருண்டு படுத்திருப்பது மட்டுமே அறிகுறியாக இருக்கும்.

அப்படி எதுவும் இல்லையென்றால், மருந்து கொடுத்த பலதுறை மருந்தகத்தை (பாலிகிளினிக்கை) இன்றே தொலைபேசியில் அழையுங்கள். 3ஆம் நாள் நிறுத்தியதையும் குர்குமின் சாப்பிடுவதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மீதி மாத்திரையை அவராகவே மறுபடி தொடங்க வேண்டாம். சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் முடிவு இதற்குள் வந்திருக்கும். அந்த அறிக்கையில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே பெரும்பாலும் எஸ் அல்லது ஆர் என்று ஓர் எழுத்து இருக்கும். எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும். ஆர் என்றால் அடங்காது. அவர் பாதியில் விட்ட மருந்துக்கு எதிரே ஆர் இருந்தால், மீதி 2 நாளும் விழுங்கி என்ன பயன்? மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றுவார்.

அடுத்தது அந்தப் பாதம். நான் மருத்துவமனையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு பெரியவரை அவர் மகன் அழைத்து வந்தார். கட்டைவிரலுக்கு அடியில் மஞ்சள் பற்று காய்ந்து ஓடுபோல ஒட்டியிருந்தது. தாதி உப்புநீரில் நனைத்த துணியை வைத்து வைத்து, கால் மணி நேரம் ஊறவிட்டுத்தான் எடுக்க முடிந்தது. எடுத்த பிறகும் சுற்றியுள்ள தோல் முழுக்க மஞ்சள் கறை. சிவந்திருக்கிறதா, எதுவரை சிவந்திருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், அதனால் வலியை நம்ப முடியாது. தொற்று பரவுகிறதா என்று காட்டிக்கொடுப்பது அந்தச் சிவப்புதான். அதன் மேல் நாமே சாயம் பூசிவிடுகிறோம். போதாக்குறைக்கு, கடையில் வாங்கும் மஞ்சள் தூள் கிருமி நீக்கப்பட்ட பொருள் இல்லை. மசாலாத் தூள்களில் பாக்டீரியாவின் வித்துகள் உயிரோடு இருப்பது சாதாரணம். குழம்பில் கொதிக்கும்போது பாதகமில்லை, திறந்த புண்ணில் அப்படியில்லை. பற்றைச் சுரண்டாமல் சுத்தமான நீரில் ஊறவைத்துக் கழுவி, உலர்ந்த துணியால் மூடி, புண்ணையும் அதே வருகையில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, இப்போது வீடியோ. தம்பி அனுப்பியது பொய் இல்லை. பொய் என்று சொல்லி அம்மாவிடம் வாதாடினால் நீங்கள்தான் தோற்பீர்கள்.

ஃபீனால் சேர்மங்கள் தாவரங்களின் தற்காப்பு ஆயுதங்கள். பூஞ்சையும் பூச்சியும் பாக்டீரியாவும் கடிக்க வரும்போது ஓடி ஒளிய முடியாத உயிர், தன் இலையிலும் பட்டையிலும் இவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. கிராம்பின் யூஜெனால், ஓமத்தின் தைமால், கற்பூரவள்ளியின் கார்வக்ரால், மஞ்சளின் குர்குமின், தேயிலையின் கேட்டக்கின், மாதுளைத் தோலின் டானின் எல்லாம் ஒரே பெரிய குடும்பம். தைமாலும் கார்வக்ராலும் பாக்டீரியாவின் சவ்வில் புகுந்து அதை ஓட்டையாக்குகின்றன, உள்ளிருப்பது கசிந்து கிருமி சாகிறது. டானின் புரதத்தைக் கண்டால் விடாது, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

நீங்கள் குடியிருக்கும் இடமே டானினுக்கு நல்ல உதாரணம். 19ஆம் நூற்றாண்டில் சுவா சூ காங் பக்கமெல்லாம் சீனர்கள் கம்பீர் என்ற செடியும் மிளகும் பயிரிட்ட தோட்டங்கள். பெயரில் இருக்கும் 'காங்' அந்த ஆற்றங்கரைத் தோட்டக் குடியிருப்புகளின் மிச்சம். கம்பீர் இலையை வேகவைத்து, சாற்றை வற்றவைத்துக் கட்டியாக்குவார்கள். வெற்றிலையோடு மெல்லுவார்கள், நம் காசுக்கட்டி மாதிரி. ஆனால் பெரும் பணம் வந்தது தோல் பதனிடும் ஆலைகளிலிருந்துதான். டானின் ஆட்டுத்தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்கிவிட்டால் பாக்டீரியாவால் அதை அழுகவைக்க முடியாது, தோல் செருப்பாகிவிடும். கிருமிக்கு எதிராக இதைவிடப் பெரிய வெற்றி உண்டா? ஆனால் அந்த டானினுக்கு இது ஆட்டின் புரதம், இது கிருமியின் புரதம் என்று பார்க்கத் தெரியாது. கடுந்தேநீர் குடித்தால் நாக்கு உலர்ந்து இழுக்கிறதே, அது உங்கள் எச்சிலின் புரதத்தை டானின் பிடிப்பதால்தான்.

கிருமியைக் கொல்வது பெரிய காரியமே இல்லை. பிளீச் கொல்லும், கொதிநீர் கொல்லும். நம்மை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் கொல்வதுதான் கடினம். 1865இல் கிளாஸ்கோவில் ஜோசஃப் லிஸ்டர், எலும்பு முறிந்து சதை கிழிந்த ஒரு சிறுவனின் காலில் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கட்டினார். புண் அழுகாமல் ஆறியது. அந்தக் கார்பாலிக் அமிலம் வேறொன்றுமில்லை, தனி ஃபீனால்தான், நிலக்கரித் தாரிலிருந்து எடுத்தது. அறுவை சிகிச்சையின் வரலாறே மாறியது. ஆனால் அதைக் கையாண்ட மருத்துவர்களின் கைத்தோலும் சேர்ந்து வெந்தது. புண்ணின் மேல் ஊற்றலாம், விழுங்கச் சொல்ல முடியுமா? பெனிசிலின் அப்படியில்லை. பாக்டீரியாவுக்கு இருக்கிற, நமக்கு இல்லாத செல் சுவரைக் குறிபார்க்கிறது. அதனால்தான் ரத்தத்திலேயே செலுத்த முடிகிறது.

ஆய்வகக் கிண்ணத்துக்கு வருவோம். ஒரு மருந்து பாக்டீரியாவை வளரவிடாமல் தடுக்க எவ்வளவு செறிவு வேண்டும் என்று அளப்பார்கள். ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் மருந்துக்கு அடங்கும் வகைக்கு, சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஒரு மில்லிலிட்டருக்குக் கால் மைக்ரோகிராம், அல்லது அதற்கும் குறைவாக இருந்தாலே போதும். தைமால், கார்வக்ரால் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் பல நூறு மைக்ரோகிராம் தேவைப்படுகிறது. கிண்ணத்தில் அவ்வளவு ஊற்றலாம், தடுப்பார் இல்லை. வீடியோக்காரர்கள் காட்டும், கிருமி வளராத தெளிந்த வட்டம் அப்படி வருவதுதான். உடம்புக்குள் அந்த அளவு போய்ச் சேர்கிறதா என்பதை அவர்கள் கேட்பதில்லை.

குர்குமினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆய்வில் நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் சுத்தமான குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், ஆக இது கால் கிலோவுக்கும் மேலான மஞ்சள் தூளுக்குச் சமம். அப்படியும் ரத்தத்தில் உச்சமாக வந்தது ஒரு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம்கூட இல்லை. குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை. உறிஞ்சிய கொஞ்சத்தையும் குடல் சுவரும் கல்லீரலும் சர்க்கரை அமிலம், சல்ஃபேட் என்று ஏதாவது ஒன்றோடு ஒட்டி உருமாற்றி வெளியேற்றிவிடுகின்றன. மிளகின் பைப்பரின் இந்த வேலையைத் தடுத்து அளவைக் கூட்டுகிறது என்பது உண்மை. ஆனால் மிகச் சிறிய அளவைப் பல மடங்காக்கினாலும் தேவையான நூற்றுக்கணக்கை எட்டுவதில்லை. அம்மா ஒரு தேக்கரண்டி மஞ்சளைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பதில் சிறுநீர்ப்பைக்கு என்ன போய்ச் சேரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு தடையும் உண்டு. சிறுநீர்த் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்கும் ஈ.கோலை கிராம்-நெகட்டிவ் இனம். அதற்குச் செல் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு, மழைக்கோட்டுமேல் மழைக்கோட்டு போட்ட மாதிரி. அதையும் தாண்டி உள்ளே போனதை வெளியே இறைத்துக் கொட்டப் பம்புகளும் வைத்திருக்கிறது. தாவர ஃபீனால்கள் தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்றவற்றிடம் காட்டும் வீரத்தை இதனிடம் காட்டுவதில்லை. இதைவிட வேடிக்கை ஒன்று சொல்கிறேன். வில்லோ மரப்பட்டை தந்த சாலிசிலேட்டும் ஒரு ஃபீனால் சேர்மம்தான். ஆய்வகத்தில் அதை ஈ.கோலையோடு சேர்த்தால் கிருமி சாவதற்குப் பதில் உஷாராகிவிடுகிறது. பம்புகளை அதிகமாக்கிக்கொண்டு பல ஆன்டிபயாட்டிக்குகளை ஒருசேரத் தாக்குப்பிடிக்கிறது. உடனே வீட்டில் ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் நிறுத்திவிட வேண்டாம்! இதுவும் கிண்ணத்தில் பார்த்ததுதான். கிண்ணத்தை நம்பி மருந்தைத் தொடங்கக்கூடாது என்றால், கிண்ணத்தை நம்பி நிறுத்தவும் கூடாது.

"அப்படியானால் சிறுநீரில் போய்ச் சேரும் ஃபீனாலே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஐரோப்பாவில் ஊவா உர்சி என்ற செடியின் இலையைப் பல நூற்றாண்டுகளாக நீர்க்கடுப்புக்குக் கொடுக்கிறார்கள். அதிலுள்ள ஆர்பூட்டின், உடம்பில் மாறி ஹைட்ரோகுவினோன் என்ற ஃபீனாலாகச் சிறுநீரில் இறங்குகிறது. தாவர வைத்தியத்துக்கு இதைவிட நல்ல வேட்பாளர் கிடைக்காது. ஜெர்மனியில் ஏறத்தாழ 400 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஊவா உர்சியும் மறு பாதிக்கு ஃபாஸ்ஃபோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். இலை சாப்பிட்டவர்களில் பலருக்குக் கடைசிவரை ஆன்டிபயாட்டிக் தேவைப்படவே இல்லை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் எரிச்சலும் வலியும் கூடுதலாக அனுபவித்தார்கள், சிறுநீரகத்துக்கு ஏறிய தொற்றும் அந்தப் பக்கம்தான் அதிகம். அந்த ஆய்வு சிக்கலில்லாத சாதாரணத் தொற்று வந்த பெண்களிடம் நடந்தது. 71 வயது, சர்க்கரை, வார்ஃபரின், அடிக்கடி வரும் தொற்று என்று இருக்கும் உங்கள் அம்மாவை வைத்து அந்தச் சூதாட்டத்தை நான் ஆடமாட்டேன்.

வந்த தொற்றைக் குணப்படுத்துவது வேறு, வராமல் தடுப்பது வேறு. அங்கே ஃபீனாலுக்கு ஓர் இடம் இருக்கிறது. கிரான்பெர்ரிப் பழத்திலுள்ள புரோஆந்தோசயனிடின்கள் என்ற ஃபீனால்கள் கிருமியைக் கொல்வதில்லை, வழுக்கிவிடுகின்றன. ஈ.கோலை தன் மெல்லிய இழைகளால் சிறுநீர்ப்பைச் சுவரைப் பற்றிக்கொண்டுதான் குடியேறும். அந்தப் பிடியை இவை கெடுக்கின்றன. 2012இல், பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கிரான்பெர்ரியால் பெரிய பயனில்லை என்றது. 2023இல் 50 ஆய்வுகள், 8,857 பேர் என்று விரிவாகப் பார்த்த பிறகு கருத்து மாறியது. அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு அது திரும்ப வருவது சுமார் நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்றார்கள். இல்லங்களில் வாழும் முதியவர்களுக்கு அந்தப் பயன் தெரியவில்லை. ஆனால் உடனே ஃபேர்பிரைஸ் பேரங்காடிக்குப் போய்ப் பெரிய ஜூஸ் பாட்டிலைத் தூக்கி வராதீர்கள். கடையில் கிடைக்கும் பலவற்றில் சர்க்கரைதான் தூக்கல். மாத்திரையாகக் கிடைக்கிறது, ஆனால் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு ஏற இடமுண்டு. கேட்காமல் தொடங்கக் கூடாது.

உங்கள் அம்மா வயதுப் பெண்களுக்குக் கிரான்பெர்ரியைவிட நம்பகமான தடுப்பு ஒன்று இருக்கிறது. வெட்கத்தால் யாரும் கேட்பதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து பிறப்புறுப்பின் உட்தோல் மெலிந்துவிடும். அங்கே காவல் இருந்த நல்ல பாக்டீரியாக்களும் குறைந்துபோகும், ஈ.கோலைக்கு வழி லேசாகிவிடும். உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இதைச் சரிசெய்கிறது. அம்மாவுக்குப் பொருந்துமா என்று பெண் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களே கூட உட்கார்ந்து கேட்டால் அவருக்கும் சங்கடம் குறையும். சர்க்கரைக்குக் கொடுக்கும் புது மாத்திரைகளில் எம்பாக்ளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. அவற்றால் பூஞ்சைத் தொற்று வந்து, எரிச்சல் என்று சிறுநீர்த் தொற்றோடு குழம்புவதும் உண்டு. அப்படி ஒன்று சாப்பிடுகிறார் என்றால் சொல்லுங்கள், நிறுத்தாதீர்கள்.

தம்பி அனுப்பிய குப்பி விஷயத்தில் நான் கறார். லேபிளில் 95 சதவீத குர்குமின், பைப்பரின் என்று இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி நான் பேசவில்லை, அது பாட்டுக்குப் போகட்டும். இந்தச் செறிவூட்டிய மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது, அதில் மிளகுச் சத்து சேர்ந்தவை கணிசம். பைப்பரின் குர்குமினுக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டுப் போவதில்லை. மற்ற மருந்துகளை உடம்பு வெளியேற்றும் வழிகளிலும் கைவைக்கிறது. வார்ஃபரின் மாதிரி, கொஞ்சம் கூடினால் ரத்தக்கசிவு, கொஞ்சம் குறைந்தால் ரத்தக்கட்டு என்று கயிற்றில் நடக்கும் மருந்தோடு இதைச் சேர்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஐஎன்ஆர் பரிசோதனைக்கு எப்போது வரவேண்டும் என்று மருந்தகத்தில் கேளுங்கள். சில ஆன்டிபயாட்டிக்குகளும் ஐஎன்ஆரை ஏற்றும், அதையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அப்புறம், சிங்கப்பூரில் துணை உணவுகளை விற்பதற்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் தேவையில்லை. கூரியரில் வந்ததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தாவரத்திலிருந்து நல்ல மருந்தே வராது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். பல் வலித்தால் கிராம்பு கடிக்கச் சொன்ன பாட்டி சரியாகத்தான் சொன்னார். பல் மருத்துவர்கள் இன்றைக்கும் யூஜெனாலைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கிறார்கள். லிஸ்டர் பெயரைச் சூடிய லிஸ்டரின் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்தில் ஓமத்தின் தைமால் இருக்கிறது. வாயும் பல்லும் எட்டும் தூரத்தில் இருப்பவை, வேண்டிய செறிவில் நேராகவே வைக்கலாம். அதுதான் வித்தியாசம்.

உங்கள் அடுக்குமாடித் தாழ்வாரத்தில் கற்பூரவள்ளித் தொட்டி ஒன்று நிச்சயம் இருக்கும், உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் எதிர்வீட்டில். அந்தச் செடியின் சாற்றுப் பகுதியையும் வல்லாரைச் சாற்றுப் பகுதியையும் சேர்த்துத் தைவானில் ஒரு கிரீம் செய்தார்கள், சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்காக. 2021இல் வெளியான ஆய்வில் 236 பேர். 16 வாரத்தில் கிரீம் போட்டவர்களில் 100க்கு 61 பேருக்குப் புண் முழுக்க ஆறியது, வழக்கமான கட்டுப் போட்டவர்களில் 35 பேருக்கு. தைவானில் அது மருந்தாகவே அங்கீகரிக்கப்பட்டது. அது கிருமியைக் கொல்வதற்காகச் செய்ததில்லை. ஆறாத புண்ணில் அழற்சியிலேயே சிக்கிக்கிடக்கும் வெள்ளணுக்களை ஆற்றும் வேலைக்குத் திருப்புவதுதான் அதன் நோக்கம். செடியைப் பறித்து அரைத்துக் கட்டினால் அது வராது, இதையும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பாட்டி எந்த ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டார் என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பாட்டியின் உடன்பிறந்தவர்களில் எத்தனை பேர் சிறுவயதில் காய்ச்சலில் போனார்கள் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். சண்டையாக இல்லாமல், கதை கேட்பது போல ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். மருந்தகத்துக்குப் போகும்போது குர்குமின் குப்பி, மீதி ஆன்டிபயாட்டிக் அட்டை, ஐஎன்ஆர் புத்தகம் மூன்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். மஞ்சள் தண்ணீரை நிறுத்தச் சொன்னால் அம்மா முகம் வாடும். அன்றைக்கு ராத்திரி மிளகு ரசம் வையுங்கள்.